பனியை உடைத்த கப்பல்

(பெங்களூருவில் நடைபெற்ற நவம்பர் புரட்சி தினக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையிலிருந்து)

நவம்பர் புரட்சி என்றதும் அரோரா போர்க்கப்பலை நினைவுகூர்கிறோம். அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அருங்காட்சியகமாக நிற்கும் மற்றொரு கப்பலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் கிராசின்.

உறைந்த கடலைப் பிளந்து பிற கப்பல்களுக்கு வழியமைப்பது பனி உடைப்புக் கப்பலின் பணி. முதல் உலகப் போரில் ஆயுதங்கள் வந்திறங்க வடகடல் வழி தேவைப்பட்டதால், ஜார் அரசு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இக்கப்பலைக் கட்டச் செய்தது. 1916இல் நீரில் இறக்கப்பட்டபோது அதன் பெயர் ஸ்வியாத்தகோர்.

1918இல் அந்நியத் தலையீட்டுப் படைகள் அர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்தை நெருங்கியபோது, பாதையை மறிக்க அது மூழ்கடிக்கப்பட்டது. தடை பலிக்கவில்லை. பிரிட்டிஷார் அதனைத் தூக்கியெடுத்துத் தமதாக்கிக்கொண்டனர். பஞ்சம் வாட்டிய 1921இல், தோழர் லியோனித் கிராசினின் முயற்சியால் சோவியத் அரசு விலை கொடுத்து அதனை மீட்டது. அவர் மறைந்தபின், 1927இல் அவர் பெயரே கப்பலுக்குச் சூட்டப்பட்டது.

1928 மே 25 அன்று நோபிலே தலைமையிலான 'இத்தாலியா' வான்கப்பல் வடதுருவப் பனிவெளியில் வீழ்ந்தது. உயிர் பிழைத்தோரின் அபயக்குரலை ஜூன் 3 அன்று ஒரு சோவியத் கிராமத்து இளைஞர் தம் வானொலிக் கருவியில் கேட்டார். மறுநாள் ரோமில் பாசிச நீதிமன்றம் தோழர் கிராம்சிக்கு இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் ஜூன் 16 அன்று கிராசின் புறப்பட்டது. விமானி சுக்னோவ்ஸ்கி பனியில் தம் விமானம் சேதமுற்ற நிலையிலும், முதலில் இத்தாலியரை மீட்குமாறு செய்தி அனுப்பினார். ஜூலை 12 அன்று எழுவர் மீட்கப்பட்டனர். அதே மாதத்தில், பனியில் மோதிப் பிளந்த ஜெர்மன் பயணிகள் கப்பலையும், அதிலிருந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரையும் கிராசின் காத்தது.

முசோலினியின் ஆட்சி வேறு, பனியில் தவிக்கும் மனிதர் வேறு என்பதைச் சோவியத் மாலுமிகள் அறிந்திருந்தனர். சர்வதேசியம் என்பதன் பொருள் இதுவே.

தோழர்களே, போருக்கெனக் கட்டப்பட்ட அதே இரும்பு, மக்கள் அரசின் உடைமையானபின் உயிர்காக்கப் புறப்பட்டது. இந்நகரின் பொதுத்துறைத் தொழிலாளர் பலர் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள். 2021 ஜனவரியில் பி.இ.எம்.எல். நிறுவனத்தின் 26 சதவீதப் பங்குகளை நிர்வாக உரிமையுடன் விற்க ஒன்றிய அரசு அறிவிப்பு வெளியிட்டது. பஞ்ச காலத்தில் ஓர் அரசு விலை கொடுத்து வாங்கிப் பொதுவுடைமையாக்கியது. இவர்களோ மக்கள் உழைப்பில் வளர்ந்ததை விற்கிறார்கள். உடைமை யாருடையது என்பதே அன்றும் இன்றும் கேள்வி. அதனை ஒவ்வொரு ஆலைவாயிலுக்கும் கொண்டு செல்வோம்!