சபர் முடித்துத் திரும்பும் முன்



அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், ராஜகிரி, பண்டாரவாடை என நம் டெல்டா ஊர்களில், வாழ்வின் நல்ல பகுதியைப் பிரிந்தே கழிக்கும் தம்பதியர் பலர். 45 வயதுக்குள் ஊரோடு சேர்ந்து வாழவேண்டும் என்பது இருவரின் துஆ. அந்தத் துஆவுக்குக் கணக்கும் துணை நிற்கவேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, பணி முடித்துத் திரும்பும் வெளிநாட்டு ஊழியருக்கு முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் உண்டு. 15 ஆண்டு உழைத்தவருக்கு 405 நாள் சம்பளம். பதின்மூன்றரை மாதத்திற்கே போதும். மீதி ஆயுளுக்கு?

பஞ்சத்திற்கு முன்பே விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள் யூசுஃப் நபி (அலை). நம் விவசாயியும் குறுவை பொய்த்தாலும் சம்பாவுக்கான விதைநெல்லை உலையில் இடமாட்டார். நாமோ சபர் சம்பாத்தியத்தை மாடிவீட்டிலும் கல்யாணப் பந்தலிலும் கரைத்துவிட்டு, மறுபடியும் விசாவுக்கு அலைகிறோம்.

ஆகவே, கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து எழுதுவோம்: மாதச் செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு, நிஸாபை எட்டிய சேமிப்புக்கு ஆண்டுதோறும் இரண்டரை சதவீத ஜகாத். வட்டியைத் தவிர்த்து, வயல், கடை வாடகை போன்ற ஹலாலான வருவாயைத் தேடுவோம். மஹரும் மனைவியின் நகையும் அவருக்கே சொந்தம். அவர் மனமுவந்து தந்தாலன்றிக் கணக்கில் சேர்க்கலாகாது. எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பதை அவரும் அறிந்திருக்கவேண்டும்.

அந்த வருவாய் வீட்டுச் செலவை எட்டும் நாளே, திரும்பிவரும் நாள். அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.