தலைகுனியாத சிரிப்பு



உள்ளத்து உணர்வு வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியர், நகையைத்தான் முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது எள்ளலை முதலில் வைத்தார். எதை எள்ளுவது? தன் வாழ்க்கையாலேயே இதற்குப் பதில் சொன்ன அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1932இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வறுமை வாட்டிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிகாகோவில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். இரவு விடுதிகளில் மேடை ஏறினார். வெள்ளையர் விடுதிகளில் அன்று கறுப்பினக் கலைஞர் பாடலாம், ஆடலாம். நிமிர்ந்து நின்று முகம் பார்த்துப் பேசுவதைத்தான் பொறுக்கமாட்டார்கள். கிரெகரி பேசினார்!

1961 ஜனவரி. சிகாகோவின் பிளேபாய் கிளப் என்ற இரவு விடுதி. இன்னொருவருக்குப் பதிலாக ஒரே ஓர் இரவுக்கு அழைத்திருந்தார்கள். அரங்கு நிறையத் தென்மாநில வெள்ளை வணிகர்கள். 'இன்று வேண்டாமே' என்று நிர்வாகமே தயங்கியது. அவர் மேடை ஏறினார்; அவர்களையே சிரிக்க வைத்தார். ஓர் இரவு, வாரக்கணக்கில் நீண்டது.

அவருடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் இனவசைச் சொல்லை வீசினால் என்ன செய்வது? அதற்கும் பதில் வைத்திருந்தார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தனக்கு ஐம்பது டாலர் கூடுதலாகத் தரவேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது, தயவுசெய்து எல்லோரும் எழுந்து நின்று உரக்கச் சொல்லுங்கள் என்பார்! அரங்கம் அதிரும். வசைபாடியவர் வாயடைத்துப் போவார்.

ஜாக் பாரின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி அழைத்தபோது, முதலில் மறுத்தார். ஏன்? அந்த நிகழ்ச்சியில் வெள்ளைக் கலைஞர்கள் மேடையில் பேசி முடித்ததும், சோபாவில் உட்கார்ந்து பாரோடு உரையாடுவார்கள். கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்த இடம் கிடைத்ததில்லை. உட்கார இடம் தந்தால் வருகிறேன் என்றார். உட்கார்ந்தார்!

புகழும் பணமும் குவிந்த நேரத்தில் அவர் மேடையோடு நின்றுவிடவில்லை. மிசிசிப்பியின் கிரீன்வுட்டில், வாக்குரிமை கேட்ட ஏழைக் கறுப்பினத்தவரின் வயிற்றில் அடிக்க, அரசு உணவு வழங்கலை அதிகாரிகள் நிறுத்தினார்கள். 1963இல் விமானத்தில் உணவை ஏற்றிக்கொண்டு போனார். அதே ஆண்டு பர்மிங்ஹாமில் உரிமைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தைத் தணிக்கப் போனவரின் காலில் குண்டு பாய்ந்தது. வியட்நாம் போரை எதிர்த்துப் பட்டினி கிடந்தார். 2017இல் மறையும்வரை ஓயவில்லை.

அன்பர்களே, கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் திக்கும் நாவையும் கேலி செய்து கைதட்டல் வாங்குவது எளிது. ஆனால் நகைச்சுவையால், அடிவாங்கியவனைச் சிரிக்க வைத்துத் தேற்றலாம். அடித்தவனைச் சிரிக்க வைத்து யோசிக்கச் செய்யலாம். இரண்டையும் செய்தவர் கிரெகரி. மேடைக்கு வரும் இளைஞர்களே, எளியவரை விட்டுவிடுங்கள். அநீதியைக் கேலி செய்யுங்கள். அதற்கு நாங்கள் கைதட்டுகிறோம்.