கைக்கருவியும் அகரமுதலியும்



இருமொழி அகரமுதலியைப் புரட்டித் தேடுவது வீண்வேலை, கையடக்க மின்கருவியில் தட்டினால் நொடியில் பொருள் வந்துவிடுகிறதே என்பார் பலர். நொடியில் வருவது உண்மைதான். அது எங்கிருந்து வருகிறது என்று எண்ணுவார் சிலரே.

இக்கருவி செழித்த நாடு சப்பான். 1979-இல் அங்குச் சார்ப் நிறுவனம் ஆங்கில-சப்பானிய மொழிபெயர்ப்புக் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் அடங்கியவை சில ஆயிரம் சொற்களே. 1992-இல் செய்கோ நிறுவனத்தார், கென்கியூசா பதிப்பகத்தின் அச்சு அகரமுதலியையே முழுமையாகக் கருவிக்குள் அடக்கினர். பொம்மைபோல் இருந்தது அன்றுதான் நூலாயிற்று. கோடுகளை எண்ணிச் சீன எழுத்தைத் தேடவேண்டிய அம்மக்களுக்கு, பின்னாளில் திரையில் எழுதியே தேடும் வாய்ப்பும் கிட்டியது. பெரும்பேறுதான், மறுப்பாரில்லை. ஆயினும் விளைத்தவர் அகரமுதலியாளர். கருவி சுமந்து வந்தது, அவ்வளவே.

தமிழிலும் அவ்விளைச்சல் உண்டு. யாழ்ப்பாணத்தில் கிறித்தவத் தொண்டர் நைட் தொடங்கிய சொற்றிரட்டு, பலர் கைமாறி, 1862-இல் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகரமுதலியாகச் சென்னையில் வெளிவந்தது. அதிலுள்ள சொற்கள் 67,000-க்கும் மேல். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கூறும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாக வந்தது. தென்சொற்கள் பலவற்றை அது வடசொல்லெனக் காட்டியதை மொழிஞாயிறு பாவாணர் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் எவ்வாறு இயன்றது? பக்கமும் பத்தியும் கண்முன் இருந்தன. பொறுப்பாளர் இன்னார் என்பதும் தெரிந்திருந்தது. கருவி தவறாகப் பொருள் கூறின் யாரைக் கேட்பது? எந்நூலிலிருந்து எடுத்தது என்று சொல்லாத கருவிகள் எத்தனை!

மற்றொன்று. 'நடு' என்னும் சொல்லை அச்சேட்டில் தேடுவோன் கண்ணில் நடுவண், நடுவர், நடுவு, நடுநிலை என அதன் சுற்றம் முழுதும் படும். தேடாத சொற்களும் அவனுக்குச் சொந்தமாகின்றன. வேரும் கிளையும் ஒருசேரக் கண்டவனே புதுச்சொல் படைக்கத் துணிவான். சிறுதிரையோ கேட்டதைக் காட்டி அமைந்துவிடும். ஆனால், ஆங்கிலப் பொருளைக் கொடுத்து, அது எந்தெந்தத் தமிழ்ச்சொல்லின்கீழ் உள்ளதென நூல் முழுதும் துழாவ அச்சேட்டால் இயலாது. சிக்காகோப் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியுள்ள வின்சுலோவிலும் பேரகராதியிலும் இன்று அது இயல்கிறது. அங்கும் உள்ளிருப்பவை அந்நூல்களே. பாவாணர் சுட்டிய பிழைகளும் அவற்றோடு ஏறியே இருக்கின்றன.

அவற்றைக் களையவல்ல செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம், பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கியது. 1981-இல் அவர் மறைந்தார். முதன்மடலம் 1985-இல் வந்தது. பணி முற்றுப்பெற்றதோ 2011-இல். அம்மடலங்கள் தம் ஊர் நூலகத்தில் உள்ளனவா என்று இளைஞர்கள் நாளையே சென்று கேட்கட்டும்.