மூச்சு விடவும் நேரம் வேண்டும்

(மாத்தளை மாவட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கர்ப்பிணிகளுக்கு யோகாசனம் என்றதும் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். “நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறோம், அதைவிடவா தேகப்பயிற்சி?” என்று கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் கொழுந்தெடுக்கும்போது முதுகு வளைந்தபடியே இருக்கிறது. கழுத்து கூடையின் பாரத்தைத் தாங்குகிறது. கால் சரிவில் ஊன்றி நிற்கிறது. அது உடம்பை இறுக்கும் வேலை. நாம் இன்று பேசும் பயிற்சி அந்த உடம்பை இளக வைப்பது.

இதற்குக் காசு வேண்டாம். லயத்துக் காம்பராவில் பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்வோம். நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவோம். இப்படிப் பத்துத் தடவை. மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது. கபாலபாதி போல வேகமாக ஊதித் தள்ளும் பயிற்சியும் இந்தக் காலத்தில் வேண்டாம்.

இடுப்பு வலிக்கு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனை போல நின்று, மூச்சை விடும்போது முதுகை மெல்ல மேலே வளைத்து, இழுக்கும்போது நேராக்கலாம். நாலாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் ஆசனங்களைத் தவிர்த்து, இடப்பக்கம் சரிந்து படுத்து ஓய்வெடுப்பது நல்லது. எதைத் தொடங்கும் முன்னும் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்வோம்.

இதனால் மனப் பதற்றம் குறையும், தூக்கம் வரும். பிரசவ வலி எழும்போது நீளமாக மூச்சை விடப் பழகியவளைப் பயம் சுலபத்தில் பிடிக்காது. ஆனால் வலியே வராது, ஒப்பரேஷனே தேவைப்படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், அது இரத்தசோகையாக இருக்கலாம். அதற்கு ஆசனம் மருந்தல்ல; உடனே காட்ட வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. நாம் பறிக்கும் அதே தேயிலை, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுவோம். தாய்க்குக் கிடைக்கும் திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் பங்கு போடவும் வேண்டாம்.

இரத்தம் பட்டால், தண்ணீர் உடைந்தால், கடுமையாகத் தலை வலித்தால், தலை சுற்றினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், கொழுந்து நிறுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சகோதரிகளே, மூச்சுப் பயிற்சியைக் காட்டி ஓய்வைப் பறிக்க யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு தரும் வேலையைக் கொடுக்க முடியாது. முன்பு மூன்றாவது பிள்ளை முதல் 42 நாள் லீவுதான். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் 84 நாள். ஒரு வயது நிறையும்வரை பாலூட்ட இடைவேளையும் உண்டு.

ஆண் தோழர்களே, வேலை விட்டு வந்தும் அவள்தான் தண்ணீரும் விறகும் சுமக்கிறாள் என்றால், பாய் விரிக்க நேரம் எங்கே இருக்கும்? அந்தச் சுமையை இறக்கி வைப்பது உங்கள் பங்கு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவியும் ஒரு பட்டியல் கொண்டுவர வேண்டும்: நமது தோட்டத்தில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனையாவது மாதம், எந்த மலையில் என்ன வேலை. அதை வைத்து இலேசான வேலை கேட்டு நிர்வாகத்துடன் பேசுவோம்.