வீட்டுக் கணிப்பொறியும் நம் இளைஞர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கல்விச் சங்கத்தின் பொறுப்பாளர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கத்தைக் கட்டிக் காத்து வரும் பெரியோர்களே, தாய்மார்களே, என் அன்பிற்குரிய இளைஞர்களே! அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

வீட்டில் கணிப்பொறியைப் பிரித்துப் பார்த்துப் பழகுவதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். உதவித்தொகை, இட ஒதுக்கீடு, வேலைவாய்ப்பு என்று கனமான பொருள்களை அறிஞர்கள் பேசி முடித்த மேடையில் இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் பயின்ற காலத்தில் குடிநீர்க் குழாயைத் தம் கையால் திறக்க அவருக்கு உரிமை இல்லை. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம். தண்ணீர் இருந்தது, திருகு மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. அந்தக் கொடுமையையும் நான் சொல்லப்போவதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால், கணிப்பொறியின் வரலாற்றைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்தத் திருகுதான் நினைவிற்கு வருகிறது.

1960களில் கணிப்பொறி என்பது பெரிய நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தனி அறையில் இருந்த பொருள். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் இயக்கி, விடையைத் தாளில் அச்சிட்டுத் தருவார். 1975 சனவரியில் இந்நிலை உடையத் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் இருந்த எம்.ஐ.டி.எஸ். என்ற சிறு நிறுவனம், ‘ஆல்டேர் 8800’ என்னும் பொறியைத் தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியிலிட்டு விற்றது. விலை 400 டாலருக்குச் சற்றுக் குறைவு. வாங்கியவரே ஈயம் பற்றவைத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை; முகப்பில் சுவிட்சுகளும் சிறு சிவப்பு விளக்குகளும்தாம். நினைவகம் 256 பைட்டு. இன்றைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதினால், நான் தொடக்கத்தில் சொன்ன வணக்கம் முழுவதையும் அதில் அடக்க முடியாது!

அதே ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் ஊரில், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில், முப்பது பேர் அளவில் கூடினர். அதுவே பின்னர் ‘ஹோம்புரூ கணிப்பொறிக் கழகம்’ எனப் பெயர் பெற்றது. அங்கே அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் வடிவமைத்த ஆப்பிள்-1 பொறியின் சுற்று வரைபடத்தைப் படியெடுத்து, வந்தவர்களுக்கு இலவசமாகவே வழங்கினார்.

இங்கே ஒரு வழக்கும் எழுந்தது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேருக்காகத் தாங்கள் எழுதிய பேசிக் மொழி மென்பொருளைப் பணம் கொடாமல் படியெடுத்துக்கொள்வது திருட்டு என்பது அவர் வாதம். அம்மடலை எள்ளி நகையாடுவோர் பலர். நான் அவ்வாறு செய்யத் தயங்குகிறேன். உழைத்தவன் கூலி கேட்கிறான். கூலி மறுக்கப்பட்ட தலைமுறைகளின் பிள்ளைகளாகிய நாம் அந்தக் குரலை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் கூலி பெறுவது வேறு. செய்முறையை மறைத்து வைப்பது வேறு.

இதற்கு விடை போன்ற ஒன்றை ரிச்சர்டு ஸ்டால்மன் தந்தார். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வந்தது. எழுதியவர் தாமே மனமுவந்து மூலநிரலைத் திறந்து வைக்கிறார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். தாம் பெற்ற உரிமையை அடுத்தவர்க்கும் கொடுத்தாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இது திருடிப் பெற்றதும் அன்று, இரந்து பெற்றதும் அன்று. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டு 386 கணிப்பொறியில் ஓர் இயக்குதளத்தின் கருவை எழுதினார். பொழுதுபோக்கிற்குச் செய்வது என்றே அறிவித்தார். மறு ஆண்டே அதை இந்த உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசியின் உட்கருவும் அந்த லினக்ஸ்தான்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 1981இல் பி.பி.சி. மைக்ரோ வந்தது. 1984இல் நம் நாட்டில் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டத்திலும் அப்பொறி இடம்பெற்றது. சுவிட்சைப் போட்டவுடன் ‘எழுது’ என்பதுபோல் பேசிக் மொழி காத்து நிற்கும். பின்னாளில் வந்த பொறிகள் விளையாடவும் பார்க்கவும் அழைத்தன, எழுத அழைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் கணிப்பொறியியல் படிக்க வருவோர் குறைந்ததைக் கண்டு கவலையுற்ற எபன் அப்டனும் நண்பர்களும் முயன்றதன் பயனாக, 2012 பிப்ரவரி 29இல் 35 டாலர் விலையில் ராஸ்பெரி பை வந்தது.

பழம்பொறிகளைப் பழுதுபார்ப்பதும் நல்ல கல்வி. ஆனால் எச்சரிக்கை வேண்டும். பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில் உள்ள காகித மின்தேக்கி ஆண்டுகள் கடந்தபின் வெடிப்பு விட்டு, மின்சாரம் பாய்ந்ததும் புகையைக் கக்கும். அதை மாற்றிய பின்னரே பொறியை ஓட்டுவர். எந்தப் பவர் சப்ளையிலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். கற்றவர் துணையின்றி அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். மற்றவற்றைத் தயங்காமல் திறவுங்கள்.

நம் பிள்ளைகள் கணிப்பொறி கற்றால் டேட்டா என்ட்ரியோடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வகத்தில் ‘தொடாதே, கெட்டுவிடும்’ என்ற சொல் மற்றப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளின் காதில் வேறு மாதிரி விழுகிறது. அதை நான் விளக்கத் தேவையில்லை.

சங்கத்தின் முதல் ஐந்தாண்டு நிகழ்ச்சிக் குறிப்பேடுகளைக் கரையான் தின்றது உங்களுக்குத் தெரியும். படிப்பகத்தின் மூலையில், ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த மேசைக் கணிப்பொறி தூசி படிந்து கிடப்பதும் தெரியும். நினைவகம் 2 ஜி.பி. இருந்தால் போதும், சித்திரத் திரை இல்லாமல் டெபியன் லினக்சை நிறுவினால் அது ஒரு சர்வர் ஆகிவிடும். எஞ்சிய குறிப்பேடுகளைப் படமெடுத்து அதில் சேர்க்கலாம். கட்டாயம் இன்னொரு படியையும் வேறிடத்தில் வைக்க வேண்டும். கிவிக்ஸ் என்னும் மென்பொருளை இட்டால், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இணையத் தொடர்பே இல்லாமல், ஒரு வைஃபை ரூட்டர் வழியாக, படிப்பகத்தில் உள்ள அத்தனை பேசிகளிலும் படிக்கலாம்.

செலவைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய மேசைப் பொறி 60 வாட் எடுத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 86 யூனிட் ஆகும். ராஸ்பெரி பை 5 வாட் என்றால் 7 யூனிட் அளவே. படிப்பகம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் பழைய பொறியை ஓட்டுவோம். பணம் சேரும்போது மற்றதை வாங்குவோம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தப் பொறியின் மூடியைக் கழற்றப் போகிறோம். ஒரு ஸ்குரூ டிரைவரும், எந்தக் கம்பி எங்கிருந்தது என்று வரைந்துகொள்ள ஒரு நோட்டும் போதும். தாய்மார்களே, பெண் பிள்ளைகளையும் அவசியம் அனுப்பி வையுங்கள்.