மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால்

(கோச்சடை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் கணக்கு முடிந்தது. இன்னும் பத்து நிமிஷம் உட்காருங்கள். பிள்ளைகளின் மனநோய் மாத்திரை பற்றிக் குழுக்களில் பேச்சு வந்தால், "கொடுத்தோம், சரியாச்சு, நிறுத்திட்டோம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நிறுத்திய பிறகு என்ன ஆச்சு என்று யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இதை எடுத்தோம்.

சேட்டை பண்ணுகிற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. நல்லா இருந்த பன்னிரண்டு, பதினாலு வயசுப் பிள்ளை திடீரென்று மாறும். ஒரு வாரம், பத்து நாள் ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம்தான் தூக்கம், ஆனால் அசதியே இருக்காது. ஓயாத பேச்சு, "நான்தான் கலெக்டர்" என்கிற பெருமை, கை நீட்டுகிற கோபம். டாக்டர்கள் இதை மேனியா என்கிறார்கள். நாம் காத்து கருப்பு என்போம். முத்தையா கோவிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வாரம் மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்திருக்கிறது.

பெரும்பாலும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மாதிரி மருந்துதான் முதலில் தருவார்கள். கொதிப்பு அடங்கும், தூக்கம் வரும். சில பிள்ளைகளுக்குப் பசி கூடி எடை ஏறும். எடையும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

லித்தியம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதுவும் ஒரு வகை உப்புதான். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-ல் மேனியாவுக்கு அது கேட்கிறது என்று எழுதினார். இதிலே அளவுதான் உயிர். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். அதனால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்கணும். டீ, காபி பிரச்சினை இல்லை, மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால்தான் கணக்கு தப்பும். நம்ம ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் உடம்பில் லித்தியம் ஏறும். தண்ணீர் நிறையக் கொடுங்கள், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். காய்ச்சல், வலி என்று கடையில் ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் ஏற்றிவிடும். கை ரொம்ப நடுங்கினால், வாந்தி எடுத்தால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கேளுங்கள். வலிப்புக்கும் மேனியாவுக்கும் தருகிற வால்ப்ராயேட், கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யும். வயசுக்கு வந்த பெண்ணுக்கு எழுதினால், "வேறு மருந்து இருக்கா?" என்று டாக்டரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். தானாக நிறுத்தவும் கூடாது.

பிள்ளை தெளிந்ததும், "இனி எதுக்கு மாத்திரை, கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை தெளிவாக இருப்பதே மாத்திரையால்தான். லித்தியத்தைப் பட்டென்று நிறுத்தினால் நோய் சீக்கிரமே திரும்பி வரலாம். குறைப்பதானால் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்.

ராத்திரியில் சந்தேகம் வந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். தனியாகக் கேட்க வேண்டியவர்கள் கையெழுத்து போட்டதும் கொஞ்சம் இருங்கள்.