கவலையும் காப்பியும்



குடும்ப நலம் என்றால் எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்று பேசுவது மட்டுமல்ல. கணவனும் மனைவியும் உடம்பும் மனசும் நல்லபடியாக இருப்பதும் குடும்ப நலம்தான். அதனால் இன்று, நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிற காப்பியையும் டீயையும் பற்றிப் பேசலாம்.

மழை பொய்த்துவிட்டது. வட்டி கட்ட நாள் நெருங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல். இப்படி மனசு கலங்கும்போது, "ஏ புள்ள, தலை வலிக்குது, சூடா ஒரு காப்பி போடு" என்கிறார் கணவர். "எனக்கும் ஒரு வாய் டீ குடிச்சாத்தான் கையும் காலும் ஓடுது" என்கிறார் மனைவி. கவலை வந்தால் காப்பி என்று ஆகிவிட்டது. அந்தக் காப்பி கவலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லேன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர்தான் அவர். காப்பி, டீ இரண்டிலும் காஃபீன் என்ற பொருள் இருக்கிறது. நமக்குச் சுறுசுறுப்புத் தருவது அதுதான். தினமும் காப்பி குடித்துப் பழகிய 47 பேரிடம் அவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து, 2002-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

சோதனை இதுதான். ஒரு நாள் காலையிலும் மதியத்திலுமாக மொத்தம் 500 மில்லிகிராம் காஃபீனை மாத்திரையாகக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் காஃபீன் இல்லாத வெறும் மாத்திரை. இரண்டு நாளும் அவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள், வீடு திரும்பினார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் சிறு கருவி கூடவே இருந்தது.

காஃபீன் சாப்பிட்ட நாளில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 4, கீழ் எண் 3 கூடியிருந்தது. அட்ரினலின் என்ற சுரப்பு நீர் 32 சதவீதம் அதிகமாக வெளியேறியிருந்தது. வரப்பில் பாம்பைக் கண்டால் உடம்பு திடுக்கிட்டு ஓடத் தயாராகிறதே, அப்போது சுரப்பது இந்த அட்ரினலின்தான். மனசு நெருக்கடியில் இருந்த நேரங்களில் அழுத்தம் இன்னும் தூக்கலாக ஏறியது. மதியத்தோடு மாத்திரை முடிந்தும், இரவு படுக்கப் போகும்வரை அதன் வேகம் தணியவில்லை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? கவலை ஏற்கெனவே உடம்பை முறுக்கி வைத்திருக்கிறது. அதன் மேல் குடிக்கிற காப்பி, முறுக்கை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. "குடிச்சதும் தலைவலி போச்சே!" என்பீர்கள். பல நேரம் அந்தத் தலைவலியே, பழகிய உடம்புக்குக் காப்பி கிடைக்காததால் வந்தது. கொடுத்ததும் அடங்குகிறது. கடன் அப்படியே இருக்கிறது, கவலையும் அப்படியே இருக்கிறது.

பயப்பட வேண்டாம். காப்பி விஷமல்ல. அந்த 500 மில்லிகிராம், நம் கணக்கில் சுமார் ஐந்து டம்ளர் டிகாக்‌ஷன் காப்பிக்குச் சமம். 150 மில்லி டிகாக்‌ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், டீயில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் இருக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடிப்பவர்களுக்குக் கவலையில்லை. எண்ணிக்கை தெரியாமல் குடிப்பவர்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிலர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள். சர்க்கரை நோயாளிகள் 10 பேரிடம் லேன் குழுவினர் செய்த சோதனையில், காஃபீன் சாப்பிட்ட நாளில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 8 சதவீதம் கூடியிருந்தது. இது 2008-ல் வெளியான முடிவு.

கர்ப்பிணித் தாய்மார்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காஃபீன் உடம்பை விட்டுப் பாதி குறையச் சாதாரணமாக ஐந்து மணி நேரம் போலாகும். நிறைமாதத்தில் அதற்குப் பல மணி நேரம் கூடுதலாகும். அது குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் கருச்சிதைவுக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் வாய்ப்புக் கூடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவுரை கூறியது. செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்காதீர்கள். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு உடம்பில் சேராமல் தடுத்துவிடும். மாத்திரைக்குத் தண்ணீர்தான். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, டீ வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, இருவரும் சேர்ந்து மூன்று நாள் எண்ணுங்கள். வீட்டில் எத்தனை, டீக்கடையில் எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, அதிகமானால் மெல்லக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், எரிச்சல் வரும், வீட்டில் சண்டையும் வரும். சில நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் குறைத்தால் போதும்.

மூன்றாவது, பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு அதிகக் காஃபீன் சாப்பிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைகிறது என்று 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தூக்கம் கெட்டால் மறுநாள் கோபம், கோபத்துக்கு மறுபடி காப்பி. அந்தக் காப்பிக்குப் பதில் நீர்மோரோ சுக்கு வெந்நீரோ குடிக்கலாம்.

நான்காவதுதான் முக்கியம். "ஒரு காப்பி போடு" என்று அவர் நாலாவது தடவை கேட்டால், தாய்மார்களே, "என்னங்க, மனசுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள. கணவன்மார்களே, மனைவி அடுப்படியில் தனியாக டீயோடு உட்கார்ந்திருந்தால் நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள். வட்டிக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். கவலைக்கு மருந்து டம்ளரில் இல்லை. இருவர் பங்கிட்டால் அது பாதியாகும்.

தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள். இரத்த அழுத்தத்தை இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.